லட்சுமம்மா வீட்டுக் கோலம்

"இதைப் பார்த்தீங்களா அக்கா? அநியாயம்!"

ஷில்பா அனுப்பியிருந்த போட்டோவைப் பார்த்து தனலக்ஷ்மி திடுக்கிட்டாள்.

தொம்மலூரில் அவர்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. கொரோனா இரண்டாவது அலை ஆரம்பித்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது தனலக்ஷ்மிதான். எந்த ஆஸ்பத்திரியில் பெட் காலியாக இருக்கிறது, ஊசி எங்கே போடுகிறார்கள், சர்ச்சில் சாப்பாட்டுப் பொட்டலம் எப்போது தருவார்கள், தெருவில் யாருக்குப் பாசிட்டிவ்... காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டதும் அதையெல்லாம் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் காபியே குடிப்பாள்.

போட்டோவில் இருந்தது முனிகிருஷ்ணன்-லட்சுமம்மா தம்பதியின் வீட்டு வாசல். கதவில், உள்ளே யாரும் வரக்கூடாது என்று நோட்டீஸ். அதற்குக் கீழே பளிச்சென்று ஒரு நட்சத்திரக் கோலம்.

"வீட்ல அவர் ஒருத்தர்தான். அவரும் பாசிட்டிவ். லட்சுமம்மா ஆஸ்பத்திரியில. அப்ப கோலம் யார் போட்டது?" என்று கேட்டிருந்தாள் ஷில்பா.

அவ்வளவுதான். குரூப் கொதித்தது.

"டிஸ்சார்ஜ் ஆகி ரகசியமா வந்துட்டாங்களோ?"

"வந்தா உள்ளே இருக்க வேண்டியதுதானே? தெருவுக்கு வந்து கொரோனாவைத் தெளிச்சுட்டுப் போகணுமா?"

"கோலம் போடலைன்னு இங்க யார் அழுதா? எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு."

"தனா அக்கா, நாளைக்கு அப்டேட்ல போடுங்க. கம்ப்ளெயின்ட் பண்ணியே ஆகணும்" என்று முடித்தான் அச்யுத்.

விசாரிக்காமல் ஒருத்தர் பேரைக் கெடுக்க தனலக்ஷ்மிக்கு மனசு வரவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்பே, முனிகிருஷ்ணன் வாசலைப் பார்த்தபடி தன் வீட்டு கேட்டுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

இரண்டு மாஸ்க், கையில் உறை, கோலமாவு டப்பா. குனிந்து குனிந்து ஓர் உருவம் கோலம் போட்டுக்கொண்டிருந்தது.

"யாரது?"

உருவம் நிமிர்ந்தது. எதிர்வீட்டு கிரேஸ்!

"நீயா? உன் வாசல்ல ஒரு புள்ளி வெச்சு நான் பார்த்ததில்லையே!"

"சத்தம் போடாதீங்க அக்கா." கிரேஸ் தள்ளி நின்றே பேசினாள். "லட்சுமம்மாவையும் என் வீட்டுக்காரரையும் ஒரே ஆம்புலன்ஸ்லதானே ஏத்தினாங்க? அப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'வாசல் வெறிச்சுன்னு கிடந்தா அந்த மனுஷன் மாடியிலேருந்து பார்த்துட்டு மனசு விட்டுடுவாரு. நான் வர்ற வரைக்கும் நீ போடு கிரேஸு'ன்னாங்க. எனக்கென்ன கோலமா தெரியும்? கிறிஸ்துமஸுக்கு ஒட்டுற ஸ்டார்தான் தெரியும். அதையே போடறேன்."

தனலக்ஷ்மிக்கு சிரிப்பு வந்தது. "நல்ல பொண்ணுடி நீ. வந்து பார்த்தா லட்சுமம்மாவே சிரிச்சுடுவாங்க."

"வரமாட்டாங்க அக்கா."

"என்னடி சொல்றே?"

"முந்தாநாள் போயிட்டாங்க."

"முருகா!" தனலக்ஷ்மி கேட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"துபாய்லேருந்து அவங்க மகன் மஞ்சுநாத் போன்ல அழுதான். வாலன்டியருங்களே எல்லாத்தையும் முடிச்சுட்டாங்களாம். 'அப்பாவுக்கு ஆக்சிஜன் ஏறுது, இறங்குது. இப்ப சொன்னா தாங்கமாட்டாரு. கொஞ்சம் தேறட்டும் ஆன்ட்டி'ன்னான். சாவு விழுந்த வீட்ல கோலம் போடமாட்டாங்களே அக்கா... நான் நிறுத்தினா அவருக்குத் தெரிஞ்சுடுமே! தயவுசெஞ்சு குரூப்ல போட்டுடாதீங்க."

தனலக்ஷ்மி தலையாட்டினாள். "உன் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் எப்படி இருக்காரு?" என்றாள்.

"இன்னும் ஐசியூலதான். லட்சுமம்மா இருந்த அதே ஐசியூ. ஜெபம் பண்ணுங்க அக்கா."

கடைசிக் கோட்டை இழுத்துவிட்டு கிரேஸ் நிமிர்ந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் முனிகிருஷ்ணன். அவள் கை அசைத்தாள். அவரும் சிரித்துக்கொண்டே கை அசைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனாள்.

'ஐயோ பாவம், ஒண்ணும் தெரியாம சிரிக்கிறாரே' என்று நினைத்துக்கொண்டாள் தனலக்ஷ்மி. இப்படியொருத்தியைப் பிடித்துக்கொடுக்கவா விடியலில் வந்து நின்றோம்?

கையிலிருந்த போன் அடித்தது. முனிகிருஷ்ணன்!

"தனா..." மூச்சு வாங்கியது அவருக்கு. "நீ நிக்கிறதைப் பார்த்தேன். கோலத்தைப் பத்தி குரூப்ல திட்டினதையும் படிச்சேன். பாவம்மா அந்தப் பொண்ணு, அதை ஒண்ணும் சொல்லாதே. அப்புறம்... லட்சுமியைப் பத்தியும் எதுவும் போட்டுடாதே."

"அவங்களுக்கென்ன அண்ணா? நல்லா தேறி..."

"பேடாம்மா" என்று கன்னடத்தில் தடுத்தார். "பொய் சொல்ல வேணாம். ஆஸ்பத்திரியிலேருந்து முதல்ல என் போனுக்குத்தான் பண்ணாங்க."

தனலக்ஷ்மி அதிர்ந்துபோய் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அப்புறம் ஏண்ணா இப்படி... ஒண்ணும் தெரியாத மாதிரி...?"

"கிரேஸுக்குத் தெரியக்கூடாதும்மா. ஒரே வண்டியில போனவங்க. இவ போயிட்டான்னு தெரிஞ்சா, ரெமிஜியஸை நினைச்சு அந்தப் பொண்ணு உடைஞ்சுபோயிடும். பாரு, எவ்வளவு நம்பிக்கையா கோலம் போட்டுட்டுப் போகுது! அது நிமிர்ந்து பார்க்கிறப்ப நான் சிரிச்சுக்கிட்டு இங்க நிக்கணும் தனா. அதுக்காகத்தான் தினமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கிறேன்."