ஒரு வாரத்துக்கு மஞ்சள்

"இந்தச் செவப்பு இன்னாத்துக்கும்மா? மஞ்சளா மாத்திடு" என்றார் கோதண்டம்.

கார்குழலி கம்ப்யூட்டரிலிருந்து திரும்பவில்லை. "நான் அடிச்ச கலர் இல்ல சார். காத்துல வாயு வரம்பைத் தாண்டினா அந்தக் கட்டம் தானா செவப்பாயிடும். எக்ஸெல்ல அப்படித்தான் ஃபார்முலா குடுத்துக்கீறேன்."

"அப்போ வரம்பைக் கொஞ்சம் ஏத்தி வை. இந்த ஒரு வாரம் மட்டும்."

மணலியில் இருந்த அந்த ரசாயன ஆலைக்குக் கோதண்டம் பராமரிப்பு மேனேஜர். கார்குழலி தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட் தயாரிப்பவள். அவள் வரும்வரை அந்த ரிப்போர்ட் ஷீட் ஷீட்டாக நீளும்; ஒருத்தரும் படித்ததில்லை. கார்குழலிதான் அதை ஒரே பக்க டாஷ்போர்டாக மாற்றினாள். அழகுக்கு வைத்திருந்த வட்டப் படங்களைத் தூக்கினாள். முடிவெடுக்க வேண்டிய விஷயத்துக்கு மட்டும் நிறம், மற்றதெல்லாம் சாம்பல். எம்.டி. போன் பேசிக்கொண்டே பார்த்தாலும் சிவப்பாகிக் கிடக்கும் மூன்றாம் யூனிட் கண்ணில் அறையும்.

"அங்க குழாய் கசிஞ்சி ரெண்டு பேரு மயங்கி வுழுந்துட்டாங்க. எங்கண்ணன் பீம்ராவும் அந்த யூனிட்லதான் கீறாரு. மஞ்சள்னா மேல யாரும் கண்டுக்க மாட்டாங்க சார்."

"பீம்ராவ எனக்குத் தெரியாதா? நான் சொல்றதக் கேளும்மா."

"உங்களுக்கு ப்ரமோஷன் வருதுன்னு பேசிக்கிறாங்க. அதுக்காக ஜனங்க உசுரோட வெளாடாதீங்க."

கோதண்டத்தின் முகம் இறுகியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வராந்தாவில் யாரோ நடந்துபோகும் சத்தம் கேட்டதும் வெளியேறிவிட்டார்.

மறுநாள் மீட்டிங்கில் கார்குழலி திரையில் டாஷ்போர்டைப் போட்டாள். எம்.டி. போனை மேஜையில் வைத்தார். அவள் வாய் திறக்கவே தேவைப்படவில்லை.

"மூணாம் யூனிட் இவ்வளவு மோசமா? இத்தனை நாள் யாரும் எனக்கு இப்படிக் காட்டலையே! அருமையா பண்ணியிருக்கீங்க."

கோதண்டம் தலை நிமிரவில்லை.

"இன்னிக்கே நம்ம பர்மனென்ட் ஆளுங்க எல்லாரையும் அங்கிருந்து எடுத்துடுங்க" என்றார் எம்.டி. "ஒருத்தர்கூட அங்க நிக்கக் கூடாது."

அண்ணன் தப்பித்துவிட்டார். கார்குழலி மூச்சு விட்டாள்.

"அவங்களுக்குப் பதிலா கான்ட்ராக்ட் ஆளுங்களப் போடுங்க. ஏதாவது ஆனா அது கான்ட்ராக்டர் பொறுப்பு."

"சார்... கசியுற குழாய்?" என்றாள் கார்குழலி.

"ஏற்றுமதி ஆர்டர் நிக்குதும்மா. ஒரு நாள்கூட யூனிட்டை நிறுத்த முடியாது. இனி அங்க எது செஞ்சாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் செய்யணும். புரியுதா கோதண்டம்?"

"சரிங்க சார்."

சாயங்காலம் கார்குழலி வெளியே வந்தபோது கோதண்டம் பைக் நிறுத்துமிடத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பக்கம் கேட்டில் ஒரு வேன் வந்து நின்றது. புது ஆட்கள் சாப்பாட்டுப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார், நீங்களாச்சும் எம்.டி.கிட்ட எதுனா பேசிருக்கலாம்ல?"

கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு அவர் போனில் தொடர்ந்தார்.

"ஆமா பிராங்கிளின், ஞாயித்துக்கிழம வர வேணாம். வெல்டருங்களயும் திருப்பி அனுப்பிடு. புதுக் குழாயையும் எறக்காத... இல்லப்பா, மேல தெரிஞ்சிபோச்சி."

"மஞ்சளா இருந்தா ரிப்பேரு என் கையிலம்மா. சத்தமில்லாம யூனிட்ட நிறுத்தி முடிச்சிருப்பேன். மாட்டிகினா நான் மட்டும் போவட்டும்னுதான் உன்கிட்டகூடச் சொல்லல" என்றார் கோதண்டம். "இனிமே அங்க குழாய மாத்த வுட மாட்டாங்க. ஆளத்தான் மாத்திகினே இருப்பாங்க."