தலைவர் வீட்டுக் கூரை

இன்டர்நெட் டிஷ்ஷைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கணபதியின் வீட்டுக் கூரையில் பூட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாரியாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நமுனுகுல மலைக் கோபுரத்திலிருந்து கம்பியே இல்லாமல் இன்டர்நெட் வரப்போகிறது, டிஷ்ஷையும் கம்ப்யூட்டரையும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வைப்போம் என்றுதான் போன மாதம் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் மகள் சிவசக்திக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓ.எல். பரீட்சை எழுதப் போகிற பிள்ளை. கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்கக்கூடப் பதுளைக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது.

இப்போது அது தலைவர் வீட்டுக்குப் போகிறதாம். சும்மாவா போகும்? இடம் பார்க்க வந்த யாழ்ப்பாணத்து எஞ்சினியர் சதீசனைத் தலைவர் தனியே கூட்டிப்போய்க் குசுகுசுவென்று பேசினாராம். அப்புறம் வீட்டில் கோழி அடித்துச் சோறும் போட்டாராம். போன தடவை லயத்து வீடுகளுக்கென்று வந்த கூரைத் தகரம் முதலில் யார் கூரையில் ஏறியது என்று மாரியாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டாள்.

"ஒங்க மகன் கால்மேல கால் போட்டுப் பாக்கத்தான் இன்டர்நெட்டு வருதா தலைவரே? எங்க புள்ளைங்க ஒங்க வாசல்ல காத்துக் கெடக்கணுமா?"

மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டு பிடிபிடி என்று பிடித்தார்கள். வாய்க்குப் பேர்போன கணபதி அன்று தலையைக் குனிந்துகொண்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு சிக்னல் வரல புள்ள" என்றார்.

முழியே சரியில்லை என்று கலைந்து போனார்கள்.

மறுநாள் டிஷ்ஷோடு வந்த சதீசனை ரோட்டிலேயே மறித்தாள் மாரியாயி.

"உண்மையச் சொல்லுங்க சேர். பள்ளிக்கூடத்துல ஏன் வைக்க முடியாது?"

அவர் மழுப்பப் பார்த்தார். தோட்டமே அவரையும் கள்ளன் என்கிறது என்று அவள் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"கோபுரம் நேராத் தெரியவேணும் அம்மா. பள்ளிக்கூடத்தடியில ஒரு மரம் மறைக்குது. அதை வெட்டினால் அங்கயே பூட்டலாம் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். தலைவர்தான் விடேல்லை."

"ஒரு மரத்துக்காகவா எங்க புள்ளைங்க படிப்புல மண்ணப் போட்டாரு? எதுன்னு காட்டுங்க, நானே வெட்டிப்புடுறேன்."

சதீசன் கையை நீட்டிக் காட்டினார்.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய அவளுடைய காய்கறித் தோட்டத்து மூலையில் நின்ற பலா. புருஷன் செத்த பிறகு, அதில் படர்ந்த மிளகுக் கொடியை நம்பித்தான் சிவசக்தியின் படிப்பே ஓடிக்கொண்டிருக்கிறது.

சதீசன் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களிட்ட ஒருக்காக் கேப்பம் எண்டனான் அம்மா. 'கேட்டா, புள்ளைங்க படிப்புக்குன்னு அந்தப் பொண்ணு தானே வெட்டிப்புடும், அதுகிட்ட மூச்சு விட்றாதீங்க' எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கெஞ்சினவர்."