நீலக் காரில் கல்பனா

ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் இரண்டு கிழட்டுக் கார்கள் அருகருகே நிற்கின்றன. இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளச் சோழபுரத்துக்காரர் ஒருவர் காத்திருக்கிறார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பாண்டிதுரைக்குத் தன் வெள்ளைக் காரை விட மனமில்லை. ஆனால் மனைவி கல்பனா, அவள் அண்ணன் சீராகக் கொடுத்த நீலக் காருக்குள் குடையைத் துப்பாக்கிபோல் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் வியர்வை வழிகிறது. "ஏட்டி, எறங்கி வா, பேசிக்கிடுவோம்" என்கிறார். அவள் குடைக்காம்பால் மூடிய கண்ணாடியைத் தட்டுகிறாள். அவர் வெள்ளைக் காரின் பானெட்டை ஒருமுறை தடவிவிட்டுச் சாவியை நீட்டுகிறார். "இதையே கொண்டு போங்க. அவ எறங்க மாட்டா." வெள்ளைக் கார் புகைவிட்டுத் தெருமுனையில் திரும்பிய பிறகு, நீலக் காரின் கதவைத் திறக்கிறார். "குடையை எடுக்க ஏறினேன். உள்ளருந்து ஒரு கதவும் தொறக்க மாட்டேங்குது" என்கிறாள் கல்பனா. "இந்தச் சனியனைத்தான் மொதல்ல தள்ளிவிடணும். அந்த ஆளு எங்க?"