முகூர்த்தக்கால் திருடி

"பந்தக்காலைக் காணோமுங்க!"

மனைவி முத்தாயி போட்ட சத்தத்தில் பொன்னுவேல் காபி டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தார். இளைய மகள் காவேரிக்குக் கல்யாணமாகி மூன்றே நாள். வாசலில் முகூர்த்தக்கால் நட்ட இடத்தில் வெறும் குழி.

"அந்த அத்தாயி வேலைதான். மாரமங்கலத்துல எந்தக் கண்ணாலம்னாலும் கடைசியில வந்து காலைப் பிடுங்கிட்டுப் போயிருவா. அது துளுத்தாத்தானே புள்ளைக ஊடு தழைக்கும்? வெளங்குவாளா அவ?" என்று பொரிந்தாள் முத்தாயி.

மஞ்சள் பூசிய கல்யாண முருங்கைக் கொம்போடு அத்தாயி மேட்டில் ஏறியதைப் பக்கத்து வீட்டில் பார்த்திருந்தார்கள். இருவரும் விரட்டிக்கொண்டு ஏறினார்கள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் பொன்னுவேலின் ஒரு ஏக்கர் கிடக்கிறது. புல்கூட முளைக்காத சரளை. அவர் அதைத் தலைமுழுகிப் பத்து வருஷமாகிறது.

மேடு தாண்டியதும் நின்றுவிட்டார். சரளையைக் காணோம்! நாற்பது ஐம்பது கல்யாண முருங்கை, செக்கச்செவேலென்று பூத்து நின்றன. அடியில் இடுப்பளவு காபிச் செடிகள்.

அத்தாயி குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

"குடுடி எம் பொண்ணு காலை!" என்று பாய்ந்தாள் முத்தாயி.

"மூத்தவ கண்ணாலத்துக் காலை என்னங்க்கா பண்ணுனீங்க?"

முத்தாயி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"வெறகுக் கட்டுல கெடந்துச்சு. அதோ, எல்லாத்துக்கும் ஒசரமா நிக்குது பாருங்க."

பொன்னுவேல் ஒரு பிடி மண்ணை அள்ளினார். கறுப்பு மண். உள்ளே மண்புழு நெளிந்தது.

"இது எப்படி புள்ள?"

"இந்த மரத்து வேர்ல முடிச்சு முடிச்சா இருக்குமுங்கண்ணா. காத்துல இருக்கற சத்தை இழுத்து மண்ணுக்குக் குடுக்குமாம். விவசாய ஆபீசரு சொன்னாரு. எலையும் கொட்டி மக்கிருச்சு."

பொன்னுவேலுக்குச் சுருக்கென்றது. "எடம் என்னோடதாச்சே. வளைச்சுப்போடப் பாக்கறயா?"

அத்தாயி சிரித்தாள். ஜெயித்தவளின் சிரிப்பு.

"எடமும் உங்களுது, காபியும் உங்களுதுதானுங்க. பதினேழு வருசத்துக்கு முந்தி இதைக் குத்தகைக்கு எடுத்து, ஏழு வருசம் விடாம மரவள்ளி போட்டுச் சக்கையாக்குனது நானும் எங்க ஊட்டுக்காரருந்தானுங்களே. குத்தகைப் பணத்தை அப்பவே குடுத்துட்டோமுங்க. மண்ணை இப்பத்தான் திருப்பிக் குடுக்க முடிஞ்சுது."