கோணல் லேபிள்

கையில் அரை டஜன் வாழைப்பழத்தோடு யூஜின் வீட்டு வாசலை மூன்றாவது முறையாகக் கடந்து போனார் தேசிகன். ஆஸ்டின் டவுனில் ஒரு தெருவை மூன்று முறை சும்மா கடந்துவிட முடியாது. எதிர்வீட்டு எல்லம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"யார் வேணும் சாமி? யூஜின் மேஸ்திரின்னா உள்ளதான் இருக்காரு. மூணு மாசமா வெளிய தலை காட்டறதில்ல. யாரோ ஒரு நாமக்காரர் ஏலக்கடையில வெச்சு மானத்தை வாங்கிட்டாராம், பாவம்!"

நடுத்தெருவில் நின்று நெற்றி நாமத்தைத் துடைத்துக்கொள்ளவா முடியும்? தேசிகன் அவசரமாகக் கதவைத் தட்டினார்.

அந்த நாமக்காரர் சாட்சாத் இவரேதான். மைசூர் சர்க்காரில் துப்பாக்கி லைசன்ஸ் பிரிவில் முப்பது வருஷம் பேனா பிடித்து ரிட்டையர் ஆனவர். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய பிறகு அவர்களுடைய பழைய துப்பாக்கிச் சாமான் பெட்டிகள் கன்டோன்மென்ட் ஏலக்கடைகளுக்கு வந்தன. வெடிமருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, எண்ணெய்ப் புட்டி என்று ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் உட்காரும் மரப்பெட்டிகள். எது அசல், எது போலி என்று சொல்லும் பெரிய மனுஷன் வேலையைத் தேசிகன் தானாகவே எடுத்துக்கொண்டார்.

"ஒரு கரப்பானை அடிக்கத் துப்பில்லை, துப்பாக்கிப் பெட்டிக்கு ஜோசியமாம்!" என்பது மனைவி ருக்மிணியின் அபிப்பிராயம்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூஜின் ஏலக்கடைக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கன்டோன்மென்ட் கிளப்பில் மேஜை நாற்காலி முதல் அலமாரிச் சாமான் வரை பழுதுபார்க்கும் தச்சர் அவர். ஊருக்குப் போன துரை ஒருத்தர் கொடுத்தது என்றார்.

அங்கே வந்திருந்த கிளப் செக்ரட்டரி எட்டிப் பார்த்தார். "எங்க கிளப்புல இருக்கற பெட்டி மாதிரியே இருக்கே?"

"கிளப் பெட்டியை நான் பார்த்து, அசல்னு எழுதிக் குடுத்து ஒரு வருஷம் ஆறது சார்," என்று சிரித்தார் தேசிகன். "அதுல ஒரு நூல் பிசகு உண்டா? இதைப் பாருங்கோ. லேபிள் கோணல், குடுவை வெக்கற தடுப்பும் கோணல். வெள்ளைக்காரன் வேலை இப்படி இருக்குமோ? ஏம்பா, போலி செய்யறதுதான் செய்யறே, அதை நேரா செய்யப்படாதோ?"

கடையே சிரித்தது. யூஜின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தேசிகன் அதோடு விட்டாரா? தம் சாமர்த்தியத்தை மூன்று பக்கத்துக்கு எழுதி, பெட்டி செய்த இங்கிலாந்து கம்பெனிக்கே அனுப்பினார். நேற்றுத்தான் பதில் வந்தது. 'தாங்கள் விவரித்திருப்பது எங்கள் பெட்டியேதான். அந்த வருஷத்துச் சரக்கு முழுவதும் லேபிளும் தடுப்பும் கோணலாகவே போய்விட்டன. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறோம்.'

கம்பெனி பட்ட வெட்கம் எந்த மூலைக்கு? தேசிகன் ரசம் சாதத்தைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார்.

கதவைத் திறந்தவள் யூஜினின் மனைவி மௌரீன். அவளுடைய தையல் மெஷினுக்கடியில் அதே பெட்டி, பொத்தானும் நூல்கண்டுமாக நிரம்பிக் கிடந்தது. தேசிகன் வாழைப்பழத்தை மெஷின் மேல் வைத்தார். யூஜின் எழுந்து நின்றார், தலை நிமிரவில்லை.

"யூஜின், உங்களுக்கு நான் பெரிய அபசாரம் பண்ணிட்டேன்." கடையில் சொன்ன 'நீ' எங்கே போயிற்றோ! கடிதத்தைப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். "உங்க பெட்டி அசல். போலி நான்தான்."

யூஜினும் மௌரீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போவட்டும் சார். நடந்தது நடந்துடுச்சு, விட்டுருங்க," என்றார் யூஜின்.

"எப்படிப்பா விடறது? நாலு பேர் முன்னால சொன்னதை நாலு பேர் முன்னால வாபஸ் வாங்கணுமோல்லியோ? வர ஞாயித்துக்கிழமை அதே கடையில கை கூப்பி மன்னிப்பு கேக்கறேன்."

"ஐயோ, வேணாம் சார்!"

என்ன பெருந்தன்மை! தேசிகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்பேர்ப்பட்ட மனுஷனையா ஊர் சிரிக்க வைத்தோம்?

"கிளப் செக்ரட்டரிக்கும் லெட்டர் எழுதி எடுத்துண்டு வந்திருக்கேன். இப்படியே போய் அவர் கையில குடுத்துட்டுத்தான் ஆத்துக்குப் போவேன்."

அவர் கிளம்பியதும் மௌரீன் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டாள். "உங்க கால்ல வேணா விழறேன் சார். போலின்னு சொன்னீங்க இல்ல, அது போலியாவே இருந்துட்டுப் போவட்டும்!"

"என்னம்மா இது? அசலைப் போய் எப்படி..."

"அந்தக் கோணல் எனக்கும் தெரிஞ்சுது சார். பார்த்து அப்படியே செய்யணும்னுதான் உக்காந்தேன், கோணலா செய்யக் கை வரல," என்றார் யூஜின், தரையைப் பார்த்தபடியே. "கிளப்புல இருக்கறதுதான் நான் செஞ்சது."