நிறுத்தினாலும் நிற்காத தண்ணீர்

மெத்தை மறுபடியும் நனைந்திருந்தது. கல்யாண வயசில் இருக்கிற ஒருத்தனுக்கு விடிந்ததும் இப்படி ஓர் அவமானம் வரக் கூடாது.

சத்தமில்லாமல் அதைச் சுருட்டி ஒளிப்பதற்குள் அக்காவின் கணவர் ஹாலுக்கு வந்துவிட்டார். "என்ன மாப்ள, இன்னிக்குமா?"

"ஆமா மாமா. முதுகெல்லாம் ஈரம்."

"சனியன் புடிச்ச டைமர்! எத்தன தடவ மாத்தினாலும் இதே கதைதான்." மாமா சுவரோரப் பெஞ்சில் வரிசையாக இருந்த பூந்தொட்டிகளை முறைத்தார். அவை நிரம்பி வழிந்து, ஹால் முழுக்கத் தண்ணீர்.

அலமாரி உச்சியில் ஒரு வாளி, அதற்குள் ஒரு சின்ன மோட்டார். அதிலிருந்து இறங்கும் மெல்லிய ட்யூப் ஒவ்வொரு தொட்டியிலும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். டைமர் அணைத்ததும் நிற்க வேண்டும். மீன் தொட்டிக் கடையில் நாளெல்லாம் ட்யூபும் கையுமாகத் தண்ணீர் மாற்றுகிற மாமாதான், அவன் வந்த மறுமாசம் இதை மாட்டினார்.

"உடம்புக்கு ஆகாதுடா," என்று அக்கா துண்டை நீட்டினாள். "நேத்து ஒரு ரூம் பாத்தியே, என்னாச்சு?"

"ஜன்னலே இல்லக்கா."

"அதுக்கு முந்தி பாத்தது?"

"அதுல இருந்துச்சு. தொறந்தா பக்கத்து வீட்டுக்காரர் மூஞ்சி."

மாமா பெருமூச்சு விட்டபடி தரையைத் துடைக்கப் போனார். அதற்குள் ஊரிலிருந்து அம்மாவின் போன். "அவனுக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கான். எத்தன நாள் வேணாலும் இருக்கட்டும், இதென்ன அந்நியர் வீடா?" என்றாள் அக்கா.

அவனுக்கோ புது வேலை, புது ஊர். இவர்களை விட்டால் நாதியில்லை. தனி ரூமில் தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் தூங்குவதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் இந்த ஈரம் இப்படியே போனால் சளி பிடித்தாவது கிளம்பித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாமாவும் சாமான் வாங்கப் போயிருந்தபோது வாளியோடு மல்லுக்கு நின்றான். மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டு, பிளக்கையே பிடுங்கினான். மோட்டார் சத்தம் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.

பாவம், டைமர் நிரபராதி! வாளி மேலே, தொட்டி கீழே. மோட்டார் ஒருமுறை தள்ளிவிட்டால் போதும்; ட்யூபில் நிறைந்த தண்ணீர் பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு, வாளி காலியாகும் வரை தானாகவே இறங்கியது.

வாளியை இறக்கிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தான். இப்போது மோட்டார் ஓடினால் தண்ணீர் ஏறியது, நின்றால் கப்சிப். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். தரையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

வந்தவர்களை வாசலிலேயே மடக்கி எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினான். "அவ்ளோதான் மாமா! வாளி தொட்டிக்குக் கீழ இருந்தா தானா ஒழுகவே ஒழுகாது."

மாமா வாளியையே பார்த்தார். "பலே மாப்ள. இது எனக்குத் தோணவே இல்ல பாரு."

"நல்ல மூளைடா," என்றாள் அக்கா, வாங்கிவந்த பையைக் கீழே வைக்காமலே.

"இனிமே ஹால்ல நிம்மதியா படுத்துக்கலாம்க்கா. அந்த ரூம் புரோக்கரையும் வேணாம்னுட்டேன். என்னை இப்படிப் பாத்துக்கறீங்க, உங்க செடியக்கூட நான் பாத்துக்க மாட்டேனா?"

இருவரும் சமையலறைக்குள் போனார்கள். மாமாவுக்கு டீ போட்டுக் கொடுக்கலாமென்று பின்னாலேயே போனவன், கதவருகில் நின்றுவிட்டான்.

அக்கா கிசுகிசுத்தாள்: "நனைச்சும் கெளம்பலையேங்க... வாயத் தொறந்து சொல்லித்தான் ஆகணுமா?"