மறுபடி பூட்டு

"தொற! கதவத் தொறம்மா! மூச்சு முட்டுது!"

கம்பிக் கதவை உலுக்கும் சத்தம் கேட்டதும், கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நவ்ரீன் ஓடிப்போய்த் திறந்தாள். செல்லம்மா வெளியே வந்து தரையில் சரிந்தாள்.

ராயபுரத்துப் பழைய கோட்டைச் சுவருக்குள் இருந்த அறை அது. வெள்ளைக்காரன் காலத்துச் சிறை மாதிரி ஜோடித்து, 'எஸ்கேப் ரூம்' ஆக்கியிருந்தார்கள். ஒளித்துவைத்த சாவியைத் தேடி எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்தால் வெற்றி. காலேஜ் பசங்கள் கும்பலாக வந்து கூச்சல் போடுகிற இடத்துக்கு, செல்லம்மா எண்ணூரிலிருந்து தனியாக வந்திருந்தாள்.

"பயமா கீதுன்னா வுட்ருங்கக்கா. வெளாட்டுதானே," என்று தண்ணீர் கொடுத்தாள் நவ்ரீன்.

"வூட்ல கூட கதவு சாத்துனா எனக்குத் தூக்கம் வராதும்மா. சின்ன வயசுலருந்தே அப்டித்தான்."

"அப்பறம் இன்னாத்துக்குக்கா இங்க வந்தீங்க?"

செல்லம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மறுபடி பூட்டு. நான் கத்துனாலும் தொறக்காத."

நவ்ரீன் அரை மனதோடு பூட்டிவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். செல்லம்மா சாவியைத் தேடவே இல்லை. மூலையில் போய், கைகாலைக் குறுக்கிக்கொண்டு படுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு உதறத் தொடங்கியது. கத்தல் வெளியே வராதபடி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

நவ்ரீனுக்குத் தாங்கவில்லை. சாவி இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனாலும் மைக்கை எடுத்து, "அக்கா, அந்த மரப்பொட்டிக்குக் கீழ சாவி கீது, எடுங்க," என்றாள்.

செல்லம்மா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நேரம் முடிந்து மணி அடித்தது. நவ்ரீன் கதவைத் திறந்தபோது, செல்லம்மா வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

"சாவி எங்க கீதுன்னே சொல்லிட்டேனே! ஏன்க்கா எடுக்கல?"

"வெளிய வர்றதுக்கு வரலம்மா. உள்ள இருந்து பழகிக்கத்தான் வந்தேன்."

"பழகி இன்னா பண்ணப் போறீங்க?"

"நாளைக்குக் கோர்ட்ல சரண்டர் ஆவணும்மா. நெஜ ஜெயிலு, ஏழு வருசம்."